நான் பிழிந்த பாகற்காய்ச் சாறு

எனக்கு ஹோமியோபதியைப் பிடிக்காது. அந்த வெள்ளை உருண்டைகளைப் பிடிக்காது. அவற்றைக் கையால் தொடாமல் பாட்டில் மூடியில் கொட்டி அப்படியே வாயில் கவிழ்த்துக்கொள்ளும் பயபக்தியைப் பிடிக்காது. முன்னால் அரை மணி நேரம், பின்னால் அரை மணி நேரம் எதையும் வாயில் வைக்கக் கூடாது என்கிற சட்டத்தைப் பிடிக்கவே பிடிக்காது. டீடாக்ஸ் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேற்கொண்டு படித்துவிட்டு, நான் திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

நான் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். பொன்மலையிலிருந்து மாற்றலில் செகந்திராபாத் வந்தேன். எனக்குப் பெண் கொடுத்ததும் ரயில்வேக் குடும்பம்தான். ஆனால் அவர்கள் இரண்டு தலைமுறையாக மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் இருந்தவர்கள். என் மனைவி வீட்டுக்குள் தமிழ் பேசுவாள், வாசலைத் தாண்டினால் தெலுங்கு, காய்கறி வண்டிக்காரனோடு சண்டை என்றால் இந்தி. குவார்ட்டர்ஸைக் காலி செய்த பிறகு அங்கிருந்து இரண்டு சந்து தள்ளி ஒரு சின்ன வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில். வீட்டில் நான், அவள், அவளுடைய மூட்டுவலி, மூன்று பேர்தான்.

வலி வந்து ஏழெட்டு வருடம் இருக்கும். வலி அதிகமான நாளில் ஒரு மாத்திரை போட்டுக்கொள்வாள். முதலில் ஒரு டாக்டர் எழுதிக்கொடுத்ததுதான். பிறகு சீட்டு எங்கே போயிற்றோ, காலி அட்டையைக் காட்டினாலே சந்து முனை மெடிக்கல் ஷாப்காரர் புதிய அட்டையை எடுத்து நீட்டிவிடுவார். வாங்கி வருவது என் வேலை. மாத்திரை போட்ட ஒரு மணி நேரத்தில் அவள் மாடியேறித் துணி உலர்த்துவாள். மருந்து என்றால் அப்படி இருக்க வேண்டும் என்பது என் கட்சி. போட்டால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் பக்கத்து மைதானத்தில் காலையில் நடக்கிற பெண்கள் கூட்டம் ஒன்று உண்டு. நடப்பது கால் மணி நேரம், பேசுவது முக்கால் மணி நேரம். போன வருடம் சங்கராந்தி முடிந்த கையோடு, உடம்பு முழுவதும் கழிவு தேங்கிக் கிடக்கிறது, அதை வெளியேற்றினால்தான் மூட்டு சரியாகும் என்று கற்றுக்கொண்டு வந்தாள். எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சை. அப்புறம் நல்லெண்ணெயை வாயில் ஊற்றிக் கால் மணி நேரம் கொப்பளிப்பு. அந்தக் கால் மணி நேரம் மட்டும் வீடு அமைதியாக இருக்கும் என்பதால் அதை நான் ஆட்சேபிக்கவில்லை. பிறகு பாகற்காய்ச் சாறு. இரவுச் சாப்பாடு சூரியன் மறைவதற்குள். வியாழக்கிழமை முழுப் பட்டினி, சாறு மட்டும்.

"முப்பத்திநாலு வருஷம் ரயில் பெட்டிக்கு அடியில படுத்து கிரீஸ் சுரண்டினவன் நான். அழுக்குன்னா என்னன்னு எனக்குத் தெரியும். உனக்குள்ள அப்படி என்ன இருக்கு, சுரண்டி எடுக்க?" என்றேன்.

"உங்களுக்கு எல்லாமே கிண்டல்தான். நக்கோங்க, நீங்க ஒண்ணும் சொல்லவே நக்கோ" என்றாள். வேண்டாம் என்பதற்கு அவளுக்கு ஹைதராபாத் இந்திதான் வரும்.

இதோடு நின்றிருந்தால் நானும் கரித்துக் கொட்டிவிட்டுப் பேசாமல் இருந்திருப்பேன். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி இவளை ஹோமியோபதிக்காரரிடம் போகச் சொன்னாள். டிவிஷன் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற தெலுங்குக்காரர். வேலையில் இருந்தபோதே தபாலில் ஏதோ படித்து முடித்தவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் வீட்டு முன்னறையில் இரண்டு பெஞ்சு போட்டு மருந்து கொடுப்பார். காசு வாங்கமாட்டார். வாங்கியிருந்தால் கொள்ளைக்காரன் என்று ஒரே சொல்லில் முடித்திருப்பேன். வாங்காத மனிதரைத் திட்ட நிறைய மெனக்கெட வேண்டியிருந்தது.

முதல் தடவை நானும் கூடப் போனேன், சிரிப்பதற்காகத்தான். அவர் மூட்டைத் தொட்டே பார்க்கவில்லை. ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். உப்பு பிடிக்குமா இனிப்பு பிடிக்குமா? மூடிய அறையில் மூச்சு முட்டுமா? அழுகை வந்தால் நாலு பேர் முன்னால் அழுவீர்களா, தனியாகப் போய் அழுவீர்களா? இவள் தெலுங்கில் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னாள். தனியாகத்தான் அழுவாளாம், குளியலறைக் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு. இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாத சங்கதி. பெஞ்சில் இருந்த மற்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

கடைசியில் அவர் என் பக்கம் திரும்பி, "உங்க ஒர்க்‌ஷாப் ஓவராயிலிங் மாதிரிதான் சார். உடம்பே தன்னைச் சுத்தம் பண்ணிக்கும், நாம குறுக்க நிக்காம இருந்தா போதும்" என்று தெலுங்கில் சொன்னார். என் தொழிலையே எடுத்து எனக்குப் பாடம் நடத்துகிறார்! அவள் தினமும் போடும் பி.பி. மாத்திரையை மட்டும் நிறுத்தக் கூடாது, வலி மாத்திரை கூடவே கூடாது என்றார். காபி, பச்சை வெங்காயம், கற்பூரம், வலித் தைலம், எல்லாவற்றுக்கும் தடை. வாசனை பட்டால் மருந்தின் சக்தி போய்விடுமாம். ஆரம்பத்தில் வலி கூடும், பயப்பட வேண்டாம், தேங்கியது கிளம்பி வெளியே போகிற அறிகுறி அது என்றார். "ஏம் காதம்மா" என்று இவளுக்குத் தைரியம் சொன்னார். ஒன்றும் ஆகாதாம்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் காபி வாசனை இல்லை. அவள் குடிக்காவிட்டால் போகட்டும், நான் குடிக்கும் வாசனையும் மருந்துக்கு ஆகாது என்று ஃபில்டரைக் கழுவிப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். நான் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு பிரதான சாலை வரை நடந்து இரானி ஓட்டலில் டீ குடித்தேன். திருச்சிக்காரனுக்குக் காலையில் டீ! வெள்ளிக்கிழமை சாமி படத்துக்குக் கற்பூரம் கிடையாது. சாமிக்கே தடை போட்ட அந்தக் குமாஸ்தாவை நினைத்து நினைத்துப் புழுங்கினேன்.

வலி கூடியது. கூடாமல் என்ன செய்யும், மாத்திரையை நிறுத்தினால்? நாற்காலியில் உட்கார்ந்தபடி சமைத்தாள். மாடிப்படியில் பக்கவாட்டாக ஒவ்வொரு படியாக ஏறினாள். நான் மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினால், "வலி ஜாஸ்தியானா நல்லதுதாங்க. வெளிய போகுதுன்னு அர்த்தம்" என்பாள். வலி குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறது, கூடினாலும் மருந்து வேலை செய்கிறது என்றால் அதற்குப் பெயர் என்ன? வீடு அதிரக் கத்தினேன். அவள் பொறுமையாக உருண்டைகளை மூடியில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

உகாதி கழிந்து ஒரு வாரம் இருக்கும். ஒரு நாள் காலையில் குளியலறையில் குழாய் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இப்போது எனக்குத் தெரியும் என்பதால் கதவைத் தள்ளிப் பார்த்தேன். குந்தி உட்கார்ந்தவளால் எழ முடியவில்லை. வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தூக்கி நிறுத்தினேன். வெளியே வந்தவள் மாத்திரையை மட்டும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

அன்று சாற்றை நானே பிழிகிறேன் என்று சமையலறைக்குள் போனேன். ஒரு மாத்திரையைக் காகிதத்தில் மடித்து, டம்ளரின் அடியால் நசுக்கிப் பொடியாக்கினேன். பாகற்காயைவிடக் கசப்பாகவா இருந்துவிடப் போகிறது? சாற்றை வடிகட்டி, அதில் கலக்கிக் கொடுத்தேன். முகத்தைச் சுளித்துக் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள்.

அன்பினால் செய்தேன் என்று எழுதத்தான் ஆசை. பாதி அன்பு. மீதிப் பாதி, அந்த ஆளின் மூக்கை உடைக்க வேண்டும் என்கிற வெறி. எது பாதிக்கு மேலே இருந்தது என்று இப்போது நான் அளந்து பார்ப்பதில்லை.

நாலே நாளில் படி ஏறினாள். பத்து நாளில் மைதானத்துக்கு நடந்தாள். கூட்டத்துப் பெண்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டார்களாம். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, தினமும் காலையில் சாறு பிழிந்தேன். சாயங்காலம் கால் இழுக்கிறது என்றால் மோரில் இன்னொன்று. முன்பெல்லாம் வாரத்துக்கு மூன்று போட்டுக்கொண்டிருந்தவளுக்கு நான் ஒரு நாளைக்கு இரண்டு கொடுத்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமைப் பட்டினியிலும் விடவில்லை. ஏப்ரல், மே வெயில். வெறும் வயிற்றில் சாறும் மாத்திரையும் மட்டும். மெடிக்கல் ஷாப்காரரும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை.

நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. அவள் என்னிடம் மாறினாள். நான் பாகற்காய் நறுக்கும்போது சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஏதாவது பேசுவாள். தன் அப்பா ரயில் ஷெட்டுக்கு வேலைக்குப் போன கதை, பள்ளிக்கூடத்தில் தெலுங்குப் பாட்டில் பரிசு வாங்கிய கதை. எதிர்வீட்டு அம்மாளிடம், "எங்க வீட்டுக்காரரு தானே ஜூஸ் பிழிஞ்சு குடுக்கறாரு" என்று தெலுங்கில் பெருமையடித்தது என் காதில் விழுந்தது. எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. காரணம், என் மனதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

அந்த ஹோமியோபதிக்காரர், குணமானவர்கள் நாலு பேர் முன்னால் எழுந்து சொல்ல வேண்டும், அது புதிதாக வருகிறவர்களுக்குத் தைரியம் தரும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். நம் ஆடியைப் போல் தெலுங்குக்காரர்களுக்கு ஆகாத ஆஷாட மாதம் பிறப்பதற்குள் ஒரு ஞாயிறு இவள் பேசுவது என்று ஏற்பாடு. அவள் பேசி முடித்ததும் நான் எழுந்து, பையிலிருந்து காலி அட்டைகளை எடுத்து அவர் மேஜையில் கொட்ட வேண்டும். "உங்க உருண்டை இல்ல சார், இதுதான்" என்று சொல்ல வேண்டும். தெலுங்கில் அந்த வாக்கியத்தை நடக்கும்போதெல்லாம் சொல்லிப் பழகினேன். அதற்காகவே காலி அட்டைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். இன்னும் இரண்டு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று நாள் எண்ணிக்கொண்டு, அவளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன்.

அந்த ஞாயிறு வந்தது. அவள் எழுந்து நின்று பேச வாயெடுப்பதற்குள், அவர் அவள் கால்களைப் பார்த்தார். செருப்பு வார் பதிந்து பாதம் உப்பியிருந்தது. உட்காரச் சொல்லி, முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. முகமும் ஊதியிருக்கிறதே என்றார். சிறுநீர் எப்படிப் போகிறது என்று கேட்டார். குறைவாகத்தான் போகிறது, கழிவெல்லாம் தீர்ந்துவிட்டது போல என்றாள் இவள்.

"ஏதாவது இங்கிலீஷ் மருந்து சாப்பிடறீங்களாம்மா?"

"பி.பி. மாத்திரை மட்டும்தான் சார். வலி மாத்திரையைத் தொட்டு அஞ்சு மாசம் ஆச்சு" என்றாள் பெருமையாக.

என் பையில் அட்டைகள் இருந்தன. அப்போதே சொல்லியிருக்கலாம். வெற்றிக்காகக் கொண்டுவந்ததைக் குற்றமாக எடுத்து அந்த ஆள் முன்னால் வைக்க என்னால் முடியவில்லை. பையின் வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் கூட்டத்தை மறந்துவிட்டு ஒரு தாளில் ரத்தப் பரிசோதனை என்று எழுதி என்னிடம் நீட்டினார். "சார், என் மருந்தையும் சாறையும் பட்டினியையும் இன்னைக்கே நிறுத்திடுங்க. நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரி. தள்ளிப்போடாதீங்க" என்றார். அவர் சொன்னது சரி. அதற்காகவும் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்த்த அன்றே படுக்கையில் சேர்த்துவிட்டார்கள். சிறுநீரகம் பாதிக்கும் மேல் வேலை செய்யவில்லை என்றாள் டாக்டர், என் மகள் வயதுப் பெண். மறுபடியும் அதே கேள்வி, இந்தியில். வலி மாத்திரை ஏதாவது? மறுபடியும் அதே பதில், அதே பெருமை. நான் ஃபிளாஸ்கின் மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். 

மூன்றாம் நாள் அந்தப் பெண் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். காரணம் பிடிபடவில்லை, முதுகு வழியாக ஊசி விட்டுச் சிறுநீரகத்திலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும், ரத்தக்கசிவு ஆகிற அபாயம் கொஞ்சம் உண்டு, கையெழுத்துப் போடுங்கள் என்று படிவத்தை நீட்டினாள். பேனாவை வாங்கினேன். கோடு போட்ட இடத்தில் பேனாவை வைத்தேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

சொன்னேன். உகாதியிலிருந்து, தினமும், இரண்டு. மாத்திரையின் பெயரையும் சொன்னேன்.

டாக்டர் அந்தப் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டாள். "அங்கிள், மூணு நாளா நீங்க இங்கயேதானே இருந்தீங்க?" என்று மட்டும் இந்தியில் கேட்டாள். பிறகு படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். ஊசி இப்போதைக்கு வேண்டாம், மாத்திரையும் பட்டினியும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம், சில நாள் பார்க்கலாம் என்றாள். போகும்போது திரும்பி, "அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்றாள். நானே சொல்கிறேன் என்றேன்.

மனைவி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்.

"தினமுமா?" என்றாள்.

"தினமும்."

"வியாழக்கிழமையும்?"

"ஆமா."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள். "எனக்கு அந்த உருண்டை மேல எல்லாம் அவ்வளவு நம்பிக்கை இல்லீங்க. உகாதிக்கு முன்னாடி ரெண்டு மாசம் சாப்பிட்டேனே, என்ன ஆச்சு? நீங்க பக்கத்துல நின்னு பிழிஞ்சு குடுக்க ஆரம்பிச்சதுக்கப்புறம்தான் குறைஞ்சது. அதனாலதான் குறைஞ்சதுன்னு நினைச்சேன். ஞாயித்துக்கிழமை அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன், அத்தனை பேர் முன்னாடி."  எனக்குச் சத்தம் போட்டு அழ வேண்டும் போல இருந்தது. அழவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஆட்கள் இருந்தார்கள்.

ஆஷாடத்தில் அம்மனுக்கு எடுக்கும் போனாலு விழாவின் மேளம் கேட்க ஆரம்பித்த வாரத்தில் வீட்டுக்கு வந்தோம். அளவுகள் இறங்கியிருக்கின்றன. முழுவதும் பழையபடி ஆகாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொண்டால் போதும் என்கிறாள் டாக்டர். முட்டிக்கு இப்போது பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், வலியோடு செய்கிறாள். ஹோமியோபதிக்காரர் ஒரு தடவை பார்க்க வந்தார். வலி கூடினால் நல்லது என்று அவர் சொன்ன வாயை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வாசல் கதவைத் திறந்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். என்னைப் பற்றி அவரிடம் அவள் சொன்னாளா என்று தெரியாது. கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை.

என்னோடு பேசாமல் இல்லை. சண்டையும் இல்லை. எனக்குச் சமைத்துப் போடுகிறாள், காபி ஃபில்டரையும் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டாள். ஒரு நாளைக்குத் தண்ணீர் எவ்வளவு குடிக்கலாம் என்று அவளுக்கு அளவு உண்டு. வேளை தவறாமல் நான் டம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டுகிறேன். வாங்கிக்கொள்கிறாள். மெதுவாக எழுந்து சமையலறைக்குப் போய், அதைத் தொட்டியில் கொட்டிவிட்டு, டம்ளரைக் கழுவி, தானே பிடித்துக் குடிக்கிறாள்.